மேட் டாக் குதிச்சுட்டான், நான் சீட் அடிக்கறதை விட்டுட்டேன்

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ங்கற வீடியோ கேம்ல, கேசினோ மாடி விளிம்புல மேட் டாக்னு ஒருத்தன் குடிச்சுட்டுத் தள்ளாடிக்கிட்டு நிக்கிறான், கீழ கூட்டம் வேடிக்கை பாக்குது, நாம ஆடுற ஆள் சிஜே என்ன பண்ணணும்னா அட்டைப்பெட்டி ஏத்துன ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கொண்டு வந்து அவனுக்கு நேர் கீழ நிறுத்தணும், அவன் விழும்போது பெட்டி மேல விழுவான், பொழச்சுக்குவான். இவ்வளவு தான் மிஷன். இந்த கேம்ல இது ஒண்ணும் கஷ்டமான மிஷனே இல்ல. ஆனா எனக்கு மட்டும், நான் வண்டிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள மேட் டாக் குதிச்சுடுவான். மிஷன் ஃபெயில்டு. திரும்ப ஆரம்பிச்சா திரும்பக் குதிப்பான். அன்னைக்கு ஒரே நாள்ல நாப்பது தடவையாச்சும் குதிச்சிருப்பான், தம்பி பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணிட்டு இருந்தான், அது வேற எரிச்சல்.

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு நினைச்சோம், கீபோர்டு சரியில்லைன்னு நினைச்சோம், கேம் காப்பி பண்ணிக் கொடுத்த ஃப்ரெண்டைத் திட்டுனோம். நிஜமான காரணம் பல வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது. நாங்க எப்பவோ ஒரு நாள், ரோட்ல போற வர்ற ஜனம் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கற சீட் (cheat, கீபோர்டுல அடிச்சா கேமையே மாத்திடற ரகசிய வார்த்தை) ஒண்ணை அடிச்சுட்டு, அப்படியே கேமை சேவ் பண்ணியிருக்கோம். அந்த மாதிரி ஜனங்களைக் கிறுக்காக்குற சீட் எல்லாம் சேவ் ஃபைலோட ஒட்டிக்கும், அப்புறம் அணைக்க வழியே இல்ல. அந்த சேவ்ல மேட் டாக் நிக்கவே மாட்டான், வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டான், குதிச்சுடுவான். அதாவது கேம் எங்களுக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு, எங்களுக்கு தான் தெரியல.

சரி, முதல்ல இருந்து வர்றேன். சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபர்ல பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் மெஷினுக்கு வந்துச்சு, பிசிக்கு 2005 ஜூன்ல. எங்ககிட்ட பிஎஸ்2 எல்லாம் கிடையாது, வீட்டு பிசி தான், 256 எம்பி ரேம், அது தான் அந்த கேமுக்கு மினிமம். எங்க கைக்கு வந்தது ஒரு ரிப் வெர்ஷன். முழு கேமுக்கு மூணரை ஜிபிக்கு மேல இடம் வேணும், ரிப் பண்ணவங்க அதைச் சுருக்கறதுக்காக ரேடியோ பாட்டு, பேச்சு எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டாங்க. காசு கொடுத்து வாங்காம ஆடுனது தப்பு தான், இல்லைன்னு சொல்லல, அதோட அந்தக் கேம் ஆடுற வயசும் எங்களுக்கு அப்ப இல்ல, பதினேழுக்கு மேலன்னு அட்டையிலயே போட்டிருக்கும். இப்ப அக்கா பையன் வந்து கேட்டா நான் போட்டுக் கொடுக்கறது இல்ல. என்னை மாதிரி வளர்ந்துட போறான்னு பயம்.

ஆனா அந்த ஊமை வெர்ஷன்ல ஒரு விசேஷம் இருந்துச்சு. கட்சீன்ல, அதாவது நடுவுல கதை சொல்ற காட்சில, வாய் அசையும், சத்தம் வராது. சப்டைட்டில் ஆன் பண்ணலாம்னு கூட தெரியாது. அதனால கதையை நானும் தம்பியும் சேர்ந்து நாங்களே எழுதிக்கிட்டோம். குண்டா பச்சை சட்டை போட்டுக்கிட்டு வர்ற பிக் ஸ்மோக் தான் சிஜேவோட பெரியப்பான்னு முடிவு பண்ணிட்டோம், ஏன்னா பாக்க அப்படி தான் இருந்தாரு. போலீஸ்காரர் டென்பென்னி நல்லவரு, ரகசியமா உதவி பண்றாருன்னு நினைச்சோம். அவரோட குரல் ஹாலிவுட் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் குரல்னு தெரிஞ்சப்ப எனக்கு வயசு இருபத்தி நாலு! ஒரு கட்டத்துல சிஜேவோட ஊரான லாஸ் சாண்டோஸ்ல தம்பி ராத்திரியும் பகலுமா சண்டை போட்டுப் புடிச்ச, மேப்ல பச்சையா தெரியற நம்ம கும்பல் ஏரியா எல்லாம் ஒரே மிஷன்ல காணாமப் போச்சு, சிஜே எங்கயோ காட்டுக்குள்ள ஒரு சின்ன ஊர்ல கிடக்கறான், கூட்டாளிங்க யாரும் இல்ல. தம்பி வைரஸ் வந்துடுச்சுன்னு அழுதுட்டான். வைரஸ் எல்லாம் இல்லங்க, அது தான் கதை. பெரியப்பான்னு நாங்க நினைச்ச ஆளும் இன்னொரு கூட்டாளி ரைடரும் எதிராளியோட சேர்ந்து துரோகம் பண்ணிட்டாங்க, சிஜேவோட அம்மாவைக் கொன்னவங்க வந்த அந்தப் பச்சை சேபர் காரோட அவங்க நிக்கறதை சிஜே பாத்துட்டான். கேமோட மொத்தக் கதையும் திரும்புற இடம் அது. நாங்க அங்க ஆன்டிவைரஸ் ஓட்டிட்டு இருந்தோம்.

கதை புரியலைன்னா என்ன பண்ணுவோம், சீட் அடிப்போம். ஹெசோயாம்னு அடிச்சா 2,50,000 டாலர், உயிரு, ஆர்மர் மூணும் ஃபுல்லு, வண்டியில உக்காந்து அடிச்சா வண்டியும் புதுசாயிடும். ஏஸாக்மி அடிச்சா போலீஸே வராது. ராக்கெட்மேன் அடிச்சா பறக்கறதுக்கு முதுகுல ஜெட்பேக். இன்னைக்கும் கண்ணைக் கட்டிவிட்டு கீபோர்டு கொடுத்தீங்கன்னா ஹெசோயாம் அடிச்சுடுவேன், விரலுக்கு அது தெரியும். ரொம்ப நாள் அது என்ன வார்த்தை, எந்த ஊர் பாஷைன்னு யோசிச்சிருக்கேன். பாஷையே இல்லையாம். கேம் சீட் வார்த்தையை எழுத்தா வச்சிருக்கறது இல்ல, ஒரு எண்ணா மாத்தி வச்சிருக்கும், நீங்க அடிக்கற எழுத்துல இருந்து அதே எண் வந்துச்சுன்னா சீட் வேலை செய்யும், ஆளுங்க கம்ப்யூட்டரை விட்டு அதே எண் வர்ற எழுத்துக் கோர்வைங்களைத் தேடி எடுத்தது தான் இந்த உளறல் எல்லாம். ஹெசோயாமோட ஒரிஜினல் 'ஐ நீட் சம் ஹெல்ப்'. பாவம், நல்ல வார்த்தையா தான் வச்சிருக்காங்க.

சீட்டோட பிரச்சனை என்னன்னு அப்ப புரியல. ரெண்டு மணி நேரம் ஆட்டம் பட்டாசா இருக்கும், டேங்க் வரவழைச்சு பாலத்துல நிறுத்தி போற வண்டியை எல்லாம் சுடுவோம், ஜெட்பேக் போட்டுப் பறப்போம், அப்புறம் ஒரு மாதிரி சப்புன்னு ஆயிடும். அணைச்சுட்டுப் போயிடுவோம். அடுத்த நாள் திரும்ப அதே. இப்படியே மூணு நாலு வருஷம் ஆடியிருக்கோம், ஒரு தடவை கூட முடிச்சது இல்ல, மேட் டாக் மாடியிலயே மாட்டிக்கிட்டோம், அப்புறம் காலேஜ், வேலைன்னு போனதுல கம்ப்யூட்டரே மாறிப் போச்சு.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு, கால்ல அடிபட்டு மூணு வாரம் வீட்லயே கிடந்தப்ப தான் திரும்ப எடுத்தேன். இந்த தடவை காசு கொடுத்து வாங்குன முழு கேம். எனக்கு நானே போட்டுக்கிட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, சீட் கிடையாது.

முதல் பத்து நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். 1992-ம் வருஷம், அம்மா செத்துப் போன சேதி கேட்டு அஞ்சு வருஷம் கழிச்சு லிபர்ட்டி சிட்டில இருந்து சிஜே ஊருக்கு வர்றான். ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழியிலயே டென்பென்னி டாக்சியை மறிச்சு கையில இருந்த பணத்தைப் புடுங்கிக்கிட்டு, எதிரி கும்பலான பாலாஸ் ஏரியா சந்துல இறக்கி விட்டுட்டுப் போயிடறான். ஆமா, நாங்க நல்லவருன்னு நினைச்ச அதே ஆள். அந்த சந்துல ஒரு சைக்கிள் கிடக்குது. அது தான் உங்க முதல் வண்டி. முன்னாடி ஆடுனப்ப இந்த சைக்கிளை நான் ஒரு தடவை கூட வீடு வரைக்கும் ஓட்டுனது இல்ல, ஏறுறதுக்கு முன்னாடியே ஏதாவது சீட் அடிச்சு பறந்துடுவேன். இந்த தடவை பட்டனைத் தட்டித் தட்டி மிதிச்சு, வழி தெரியாம ஹைவே பக்கம் போய், திரும்பி வந்து, சிஜே வீடு இருக்கற க்ரோவ் ஸ்ட்ரீட் முட்டுச்சந்துக்குள்ள நுழைஞ்சப்ப ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரியே இருந்துச்சு. அந்தத் தெருவைத் தான் பல வருஷம் ஹெலிகாப்டர்ல இருந்து குண்டு போட்டிருக்கேன்.

அங்க தான் எனக்கு உறைச்சுது. இந்த கேம் இத்தனை வருஷம் ஓடுறதுக்குக் காரணம் துப்பாக்கியோ திருட்டோ இல்ல, அது எல்லாம் நூறு கேம்ல இருக்கு. இதுல ஒண்ணுமில்லாத இடத்துல இருந்து ஒவ்வொண்ணா கையில வரும், வந்தது ஒரு தடவை மொத்தமா போகும், திரும்ப வரும். சீட் அடிச்சா இந்த ஏற்ற இறக்கம் மொத்தமும் காலி.

உடம்பு விஷயத்தையே எடுத்துக்கங்க. சிஜேவுக்கு மசில், கொழுப்பு, மூச்சு (களைக்காம ஓடுற தெம்பு), நுரையீரல் (தண்ணிக்குள்ள மூச்சடக்கறது), வண்டி ஓட்டற திறமைன்னு எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு. தின்னுக்கிட்டே இருந்தா தொப்பை போடுவான், அளவு மீறுனா வாந்தி எடுப்பான், திங்காம விட்டா முதல்ல கொழுப்பு கரையும், அப்புறம் மசிலும் கரையும். ஜிம்முக்குப் போனா ஒரு நாளைக்கு இவ்வளவு தான்னு நிறுத்திடுவாங்க, கேம்ல ஒரு நாள்னா நம்ம கணக்குல 24 நிமிஷம். புதுசா ஆடுறவங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, ஆரம்பத்துல காருக்கு அலையாதீங்க, முதல் ஏழெட்டு மிஷன் சைக்கிள்லயே சுத்துங்க. மூச்சு ஏறும், சைக்கிள் திறமை ஏறுனா அது தாவுற உயரமும் ஏறும், சுவரைத் தாண்டிப் போற அளவுக்கு வரும், போலீஸ் துரத்துனா காரை விட சந்துல சைக்கிள் தான் உதவும். அப்படியே ஊரும் மனப்பாடம் ஆயிடும், அப்புறம் மேப்பே பாக்க வேண்டியது இல்ல.

நீச்சலையும் மறந்துடாதீங்க. இதுக்கு முந்தின ஜிடிஏ வைஸ் சிட்டி கேம்ல தண்ணில விழுந்தா சாவு தான், சான் ஆண்ட்ரியாஸ்ல தான் நீந்தவே விட்டாங்க, ஆனா அதுக்கும் கணக்கு வச்சாங்க. அடுத்த ஊரான சான் ஃபியரோ போனதுக்கு அப்புறம் வூஸின்னு ஒரு ஆள் கொடுக்கற மிஷன் ஒண்ணுல கப்பலுக்கு நீந்திப் போகணும், நுரையீரல் அளவு பத்தலைன்னா மிஷனே ஆரம்பிக்காது, போய் பழகிட்டு வான்னு அனுப்பிடுவாங்க. அங்க வந்து மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் முங்கி முங்கி எந்திரிக்கறதை விட, முன்னாடியே கடல் பக்கம் போறப்ப எல்லாம் கொஞ்சம் முங்கிட்டு வாங்க.

இதுல நான் பண்ணின இன்னொரு கூத்து. அந்த மிஷன்ல சிஜே ஆமை மாதிரி நீந்துறான், நுரையீரல் ஃபுல்லா வச்சிருக்கேன், அப்பவும் நகரவே மாட்டேங்கறான். கடைசில பாத்தா செட்டிங்ஸ்ல ஃப்ரேம் லிமிட்டரை, அதாவது நொடிக்கு இத்தனை படம் (ஃப்ரேம்) தான்னு கட்டுப்படுத்தறதை, ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். புது கம்ப்யூட்டர் தானே, ஃப்ரேம் ஏறட்டுமேன்னு பண்ணினது. இந்த கேம் எழுதுன காலத்துல நொடிக்கு இத்தனை ஃப்ரேம் தான்னு வச்சு பல விஷயத்தைக் கணக்கு பண்ணியிருக்காங்க, ஃப்ரேம் எகிறுனா நீச்சல் வேகம் குறையுது, வேற சில விஷயமும் கோணலாகுது. படம் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரிஞ்சாலும் பரவால்ல, லிமிட்டர் ஆன்லயே இருக்கட்டும்.

ட்ரெயின் மிஷனைப் பத்தி சொல்லாம விட்டா அடிப்பீங்க. பிக் ஸ்மோக்கைப் பின்னாடி உக்கார வச்சு பைக்ல ட்ரெயினைத் துரத்தணும், மேல நிக்கிற நாலு பேரை அவர் சுடணும். சுட மாட்டாரு. தோத்துட்டா நம்மளைத் திட்டுவாரு, அந்தத் திட்டு தான் உலகம் முழுக்க மீமா சுத்துது. நானும் ஒம்பது தடவை தோத்தேன். பண்ற தப்பு என்னன்னா எல்லாரும் ட்ரெயினை ஒட்டிப் போறோம். ஒட்டிப் போனா மேல நிக்கிறவன் ஸ்மோக் கண்ணுக்குத் தெரிய மாட்டான், பெட்டியோட பக்கச் சுவத்தைத் தான் சுட்டுட்டு இருப்பாரு. வலது பக்கமா நல்லா தள்ளிப் போங்க, ட்ரெயினோட சம வேகத்துல இணையா ஓட்டுங்க, முந்தணும்னு நினைக்காதீங்க. தள்ளிப் போன உடனே மனுஷன் ஒவ்வொருத்தனா இறக்கிட்டாரு. பத்தாவது தடவை முடிஞ்சுது. அந்தத் திட்டை முதல் தடவையா குரலோட கேட்ட சந்தோஷத்துல தான் நாலு தடவை வேணும்னே தோத்தேன்னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

அடுத்தது பைலட் ஸ்கூல். பாதி பேர் கேமை விட்டுட்டுப் போற இடம் அது தான், எனக்கு ரொம்பப் புடிச்ச இடமும் அது தான், அதனால கொஞ்சம் நீட்டிப் பேசறேன், பொறுத்துக்கங்க. பாலைவனத்துல வெர்டன்ட் மெடோஸ்னு கைவிட்ட ஒரு விமான ஓடுதளம். அதை நீங்க 80,000 டாலர் கொடுத்து வாங்கணும், வாங்காம கதை நகராது. ஹெசோயாம் அடிக்கறவனுக்கு அது ஒரு காசே இல்ல. சீட் இல்லாம ஆடுன எனக்கு அப்ப கையில இருந்தது அதுல பாதி கூட இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு மேல கறுப்பு வேன்ல வீடு புகுந்து டிவி திருடிக் கொண்டு போய் இறக்கி, டாக்சி ஓட்டி, இப்படி எல்லாம் சேத்து தான் வாங்குனேன். வாங்கிட்டுப் பாத்தா ஓட்டை ஷெட்டும் காலி மைதானமும் தான், ஆனா என்னோடது. அங்க ஒரு டிவியில பத்து பாடம். டேக் ஆஃப், லேண்டிங், சுத்தி வர்றது, ஹெலிகாப்டர், ஆகாயத்துல குட்டிக்கரணம், கடைசில பாராசூட்ல குதிச்சு வட்டத்துக்குள்ள இறங்கறது. ஒவ்வொண்ணுலயும் 70 மார்க் எடுத்தா வெண்கலம், அது போதும்.

நான் முதல் பாடத்துலயே மூக்கை மேல தூக்கி, இன்னும் தூக்கி, அப்படியே நின்னு போய் வால் பக்கமா விழுந்தேன். கொஞ்சம் கொஞ்சமா தான் புரிஞ்சுது. திருப்பற கீயை அமுக்கிப் புடிக்கக் கூடாது, தட்டித் தட்டி விடணும். மேல ஏறுன உடனே சக்கரத்தை மடக்கணும், இல்லைன்னா வேகமே வராது. சிவப்பு வளையத்துக்குள்ள நுழையும்போதே அடுத்த வளையத்தைப் பாக்கணும், இப்ப நுழையற வளையத்தைப் பாத்துட்டு இருந்தா அடுத்தது போச்சு. லேண்டிங்ல த்ராட்டிலை (வேகம் கொடுக்கற கீயை) ரொம்ப சீக்கிரம் விடறது தான் எல்லாரும் பண்ற தப்பு, தரை தொடற வரைக்கும் கொஞ்சம் உயிர் இருக்கணும். ப்ளேனைப் பக்கவாட்டுல உருட்டற பேரல் ரோல் பாடத்துக்கு மட்டும் ஒரு முழு சாயங்காலம் போச்சு. முடிஞ்சதும் அந்த மைதானத்துல இருந்து சின்ன ப்ளேன் ஒண்ணை எடுத்துக்கிட்டு சும்மா சில்லியட் மலை வரைக்கும் போய் ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்து இறக்குனேன், மிஷன் எதுவும் இல்ல, யாரும் கூப்பிடல, ஸ்க்ரீன்ல ஒரு எழுத்து கூட வரல. சாயங்கால வெளிச்சம், கீழ ரோட்ல வண்டிங்க, லேண்டிங் ஒரு குலுக்கலோட சரியா வந்துச்சு. ஜெட்பேக்ல நூறு தடவை அதே வானத்துல சுத்தியிருக்கேன், ஒண்ணு கூட ஞாபகம் இல்ல.

மேப்பைப் பத்தி ஒரு விஷயம். முழு மேப்பும் கடலோட சேத்து ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர் தான். இப்ப வர்ற கேம் கூட வச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆனா ஆடும்போது மூணு ஊரும் நடுவுல காடு, பாலைவனம், மலைன்னு ஒரு மாநிலமே இருக்கற மாதிரி தெரியும். பிஎஸ்2-ல இருந்ததே 32 எம்பி மெமரி, தூரத்துல இருக்கறதைக் காட்ட முடியாது, அதனால எல்லாம் ஒரு மங்கல் புகைக்குள்ள போயிடும், ரோடும் நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சு போகும். நாம பாக்க முடியாததை எல்லாம் மனசு பெருசா நினைச்சுக்குது. 2021 நவம்பர்ல டெஃபினிட்டிவ் எடிஷன்னு புதுசா மெருகு போட்டு விட்டாங்களே, அதுல முதல்ல அந்தப் புகையை எடுத்துட்டாங்க. மலை மேல நின்னா இந்த ஊர் உச்சிக் கட்டடமும் அந்த ஊர் கட்டடமும் பக்கத்து பக்கத்து வீடு மாதிரி தெரிஞ்சுது. மொத்தத்துல பிழைங்களுக்காக ஆளுங்க திட்டுன திட்டுல கேம் கம்பெனி ராக்ஸ்டார் மன்னிப்பு கேட்டு, பழைய வெர்ஷனைத் திரும்ப விக்க வேண்டி வந்துச்சு. 2024 கடைசில ஒரு அப்டேட்ல பழைய மாதிரி வெளிச்சத்தைக் கொண்டு வந்து சரி பண்ணினாங்க, இப்ப பரவால்ல. என்கிட்ட கேட்டா, முதல் தடவைக்கு பழைய பிசி வெர்ஷன் கிடைச்சா அது தான். ஃபோன்ல ஆடணும்னா அதுல மிஷன் நடுவுல செக்பாயிண்ட் உண்டு, அது ஒரு நிம்மதி, ஆனா டச்ல ப்ளேன் ஓட்டறது உங்க பொறுமை.

அந்தப் புகைக்குள்ள இருந்து தான் பேய்க்கதை எல்லாம் வந்துச்சு. காட்டுல பிக்ஃபுட்னு ஒரு குரங்கு மனுஷன் இருக்கு, சிஜே வீட்ல அம்மா ஆவி இருக்குன்னு. ரெண்டும் இல்ல. ஆனா பேக் ஓ பியாண்ட் காட்டுல ஆள் இல்லாம உருண்டு வர்ற நசுங்குன கார் நிஜமாவே உண்டு, சரிவுல கேம் அதைக் கொண்டு வந்து வைக்குது, அது உருளுது, அவ்வளவு தான். இது தெரியாம ராத்திரி தனியா உக்காந்து ஆடி, மரத்துக்கு நடுவுல இருந்து அது ஓசையில்லாம வந்தப்ப தம்பி ரூமை விட்டே ஓடிட்டான். சான் ஃபியரோவுல கான்ட் பாலத்தோட உச்சிக்கு ஏறிப் போனீங்கன்னா ஒரு போர்டு இருக்கும், இங்க ஈஸ்டர் எக் (கேம்ல ஒளிச்சு வச்ச ரகசியம்) எதுவும் இல்ல, போயிடுன்னு எழுதியிருப்பாங்க. எவன் இவ்வளவு தூரம் வருவான்னு யோசிச்சு, வர்றவனுக்காக எழுதி வச்ச அந்த ஆளை நேர்ல பாக்கணும் எனக்கு.

ரெண்டு சின்ன விஷயம் சொல்லிடறேன். பிசி வெர்ஷன்ல யூசர் ட்ராக்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், டாகுமென்ட்ஸ்ல கேம் பேர்ல இருக்கற ஃபோல்டருக்கு உள்ள, அதுல உங்க பாட்டைப் போட்டு ஆடியோ செட்டிங்ஸ்ல ஸ்கேன் பண்ணினா அது தனி ஸ்டேஷனா ரேடியோல வரும். அப்புறம் சேவ் ஸ்லாட் மொத்தம் எட்டு இருக்கு, ஒரே ஸ்லாட் மேல மேல எழுதாதீங்க, மாத்தி மாத்திப் போடுங்க. சீட் அடிச்சு கூத்தடிக்கணும்னு ஆசையா இருந்தா தாராளமா அடிங்க, நான் ஒண்ணும் சாமியார் இல்ல, ஆனா அடிச்சதுக்கு அப்புறம் சேவ் பண்ணாம வெளிய வாங்க.

கதையோட கடைசில டென்பென்னி கோர்ட்ல தப்பிச்சுடறான், அதைக் கேட்டு லாஸ் சாண்டோஸே பத்தி எரியுது, ரோட்ல கலவரம், கடையை உடைக்கறாங்க, ஆள் ஆளுக்கு அடிச்சுக்கறாங்க. 1992 ஏப்ரல்ல நிஜ லாஸ் ஏஞ்சல்ஸ்ல, ராட்னி கிங்னு ஒரு கறுப்பினத்தவரை அடிச்ச போலீஸ்காரங்க விடுதலை ஆனப்ப நடந்ததைப் பாத்து எழுதுனது. அதைப் பாத்துட்டு இருக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாங்க சின்ன வயசுல சும்மா வேடிக்கைக்கு சீட் அடிச்சு வரவழைச்சது கிட்டத்தட்ட இதே காட்சி தானே.

ஆனா அதுக்கு முன்னாடி மேட் டாக்கைத் தாண்டணும்ல. அந்தக் கேசினோ இருக்கற லாஸ் வெஞ்சுராஸ் ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு அவன் யாருன்னு தெரிஞ்சிருந்துச்சு, அது தான் கொடுமை. லாஸ் சாண்டோஸ்ல பெரிய பாடகனா இருந்தவன். ஓஜி லாக்னு பாடவே தெரியாத ஒருத்தன் பேர் வாங்கறதுக்காக அவன் வீட்டுக்குள்ள புகுந்து பாட்டு எழுதி வச்ச நோட்டைத் திருடுனது யாரு, நான். அவனோட மேனேஜரை காரோட தண்ணில தள்ளி விட்டது யாரு, நான் தான். ஊமை வெர்ஷன்ல அதை எல்லாம் ஜாலியா பண்ணிட்டுப் போயிட்டோம், யாரு எவன்னே தெரியாது. இப்ப அதே ஆள் எல்லாம் போய் குடிச்சு அழிஞ்சு மாடியில நிக்கிறான், அவனைக் காப்பாத்தப் போறதும் நான் தான், நாப்பது தடவை அவன் குதிச்சப்ப அவனைக் கேலி பண்ணி சிரிச்சதும் நாங்க தான்.

தம்பிக்கு வீடியோ கால் போட்டு ஃபோனை மானிட்டர் பக்கம் திருப்பி வச்சேன். ராத்திரி பதினோரு மணி, அவனும் வேலை முடிஞ்சு அப்ப தான் வந்திருந்தான். "அண்ணா, வண்டிகிட்ட ஓடு, ஓடு, குதிச்சுடுவான்"னு ஆரம்பிச்சுட்டான். ஓடிப் போய் வண்டியை எடுத்தேன். மேல பாத்தேன். நிக்கிறான். விளிம்புல இப்படியும் அப்படியும் தள்ளாடறான், ஆனா நிக்கிறான். பயத்துல ரிவர்ஸ் போட்டு சுவத்துல இடிச்சேன், திருப்பி முன்னாடி எடுத்து, அவன் இடது பக்கம் சாயும்போது வண்டியை இடது பக்கம் நகத்தி, வலது பக்கம் சாயும்போது வலது பக்கம் நகத்தி, தம்பி ஒரு வார்த்தை பேசல. குதிச்சான். அட்டைப்பெட்டி மேல தொப்புன்னு விழுந்தான்.

அவனை வண்டியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஒரு சிக்னலைக் கூட தாண்டல, இந்த கேம்ல சிவப்பு விளக்குக்கு நான் நின்னது அது தான் முதல் தடவை.

"சேவ் பண்ணிட்டியா?"ன்னு கேட்டான் தம்பி.

"மூணு ஸ்லாட்ல."